நாலாம் தொட்டியில் நடந்தது

பண்ணையில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறியவள். கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள். புதிதாக எந்த மேலாளர் வந்தாலும் முதல் நாளே யாராவது போய், "அந்தம்மாகிட்ட மட்டும் பார்த்துப் பேசுங்க சார்" என்று ஓதிவிடுவார்கள். அவள் கோபப்பட்ட காரணங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருந்தால், பத்துக்கு ஒன்பது தடவை நியாயம் அவள் பக்கம் இருந்தது தெரிந்திருக்கும். அப்படி எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கும் பொழுதில்லை.

இருபத்து நான்கு வயதில் தொட்டி கழுவும் வேலைக்கு வந்தவள். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் தற்காலிகப் பணியாளர்தான். ஆனால் தாய்மீனைத் தொட்டு முட்டை எடுக்க அந்தப் பண்ணையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. மீனை மயக்க நீரில் விடுவாள். அது மல்லாந்ததும் ஈரத் துணியில் ஏந்திக்கொள்வாள். கட்டை விரலால் நெஞ்சுப் பக்கமிருந்து வால் பக்கமாக ஒரே சீராக நீவுவாள். காய்ந்த கிண்ணத்தில் மஞ்சள் மணிகளாக முட்டை விழும். கை ஒரு துளி அதிகமாக அழுத்தினால் மீன் செத்துவிடும். பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் அப்படிச் செத்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடவில்லை.

மீனின் பெயர் பொன்வரியான். செவுளிலிருந்து வால் வரை மஞ்சள் கோடு ஓடும் ஆற்று மீன். ஆற்றின் குறுக்கே அணை வந்தது, மணல் அள்ளினார்கள், மடுக்களில் வெடி போட்டார்கள். மிச்சம் மீதி இருந்தவை ஆற்றின் மேல்பகுதியில் பாறை இடுக்குகளில் ஒதுங்கிக்கொண்டன. பண்ணை ஆட்கள் இரண்டு மாதம் அலைந்து அங்கிருந்து முப்பத்தொரு மீன்களை உயிரோடு கொண்டு வந்தார்கள். அவற்றைப் பெருக்கி மறுபடி ஆற்றில் விடுவது திட்டம். அதே பண்ணையில் இன்னொரு கூட்டமும் இருந்தது. அது ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து எப்போதோ எடுத்து, வேகமாக எடை கூடும் மீன்களையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, நாலு தலைமுறையாக வளர்த்த கூட்டம். அதன் குஞ்சுகளைத்தான் குளம் வைத்திருக்கும் விவசாயிகள் வாங்கிப் போவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். அதே கோடு, அதே செதில்.

இரண்டும் ஒன்றல்ல என்று கண்டுபிடித்துச் சொன்னவர் நகரத்து ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆராய்ச்சியாளர். எல்லோருக்கும் அவர் மேடம். ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் நகக்கண் அளவு நறுக்கிச் சிறு குப்பியில் ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துப் போனார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, மேல் ஆற்று மீனும் கீழ் ஆற்று மீனும் பல ஆயிரம் வருடத்துக்கு முன்பே பிரிந்துபோன பங்காளிகள், மேல் ஆற்றுக் குளிரையும் வேகத்தையும் தாங்கும் குணம் மேலே இருப்பதற்கு மட்டும்தான் உண்டு, ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அந்தக் குணத்தைத் திரும்பப் பிரித்தெடுக்கவே முடியாது என்று சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அதுவரை இரண்டு வருடமாகப் பண்ணையில் பொரித்த ஆற்றுக் குஞ்சுகளில் முக்கால்வாசிக்கு ஒரே அப்பன்.

கடுகுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐந்தாறு ஆண் மீன்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்து ஊற்றச் சொன்னது மேலிடம்தான். ஊற்றியது அவள் கை. கூட்டாகக் கலந்தால் வீரியமுள்ள ஒன்று மற்றவற்றை முந்திக்கொள்ளும் என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. கோபம் மேடத்தின் மேலேயே திரும்பியது. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு இப்போது வந்து குறை சொல்கிறீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மேடம் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "உங்க கைல தப்பே இல்லக்கா. சொல்லிக்கொடுத்த முறைதான் தப்பு. மாத்திடலாம், நீங்க கூட இருந்தா" என்றார். அன்றிலிருந்து கடுகு அவரோடு இருந்தாள்.

ஆணும் பெண்ணுமாக ஒவ்வொரு பெரிய மீனின் முதுகுச் சதையிலும் அரிசி அளவு சிப் ஏறியது. கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணைக் காட்டும். எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் என்று மேடம் அட்டவணை அனுப்புவார். அக்காள் தம்பி முறை வரும் மீன்கள் சேரக் கூடாது. முட்டையைத் தனித்தனிக் கிண்ணமாகப் பங்கிட்டு, கிண்ணத்துக்கு ஓர் ஆண் என்று கடுகு விந்தைச் சேர்ப்பாள். "சம்பந்தம் பேசுற வேலையா ஆகிப்போச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துப் பண்ணையில் பார்த்தது அந்த நாட்களில்தான். மூன்று வருடம் பாடுபட்டு, பன்னிரண்டு குடும்பங்களிலிருந்து பதினாலாயிரம் குஞ்சுகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து நாலாம் தொட்டியில் நின்றன. ஆற்றில் விடுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். துறையின் பெரிய அதிகாரி வருவதாக இருந்தது.

நாலாம் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் பழையது. இரண்டு மாதமாகவே இருமிக்கொண்டிருந்தது. கடுகு மேலாளரிடம் மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை பார்க்கலாம் என்றார். மூன்றாவது தடவை, விழாவுக்குப் பந்தல் போடுகிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இப்போது போய் மோட்டாரா என்று எரிந்து விழுந்தார். அந்த வாரம் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. மூன்று நாள் விடுப்பு எடுத்தவள் திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தாள்.

வந்ததும் கால் தானாக நாலாம் தொட்டிக்குப் போனது. சுவரோரம் போய் நின்றாள். அவள் நிழல் தண்ணீரில் விழுந்தது. குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.

ஆற்று மீனின் குஞ்சு நிழலைக் கண்டால் அடியில் போய் ஒளியும். தலைக்கு மேல் கொக்கு நிற்கிறது என்பதுதான் அதன் ரத்தத்தில் இருப்பது. நிழலைக் கண்டு தீனி வருகிறது என்று ஓடி வருவது நாலு தலைமுறையாக மனிதன் கையில் தின்று பழகிய பண்ணைக் குஞ்சு. இரண்டடி நகர்ந்து நின்றாள். அங்கேயும் வந்தன. கையை ஆட்டினாள். அதற்கும் வந்தன.

நேராகக் காவலாளியிடம் போனாள். அவர் வயதானவர், பயந்த சுபாவம். கண்ணைப் பார்க்காமல் குடையைச் சரி செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை மதியம் மோட்டார் நின்றுவிட்டதாம். பணியில் இருக்க வேண்டியவனைப் பந்தல் சாமான் ஏற்ற மேலாளர் அனுப்பிவிட்டாராம். நாலு மணிக்குப் பார்த்தபோது தொட்டி முழுக்க வெள்ளையாக மிதந்ததாம். ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து, செத்ததை அள்ளி, பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு, விற்பனைக் குளத்திலிருந்து குஞ்சு பிடித்துத் தொட்டியை நிரப்பினார்களாம்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா. பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்றார்.

கடுகு குழியைப் போய்ப் பார்த்தாள். புது மண், மேலே வெள்ளைப் பொடி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம். எந்தக் கிண்ணம் எந்தத் தாய் என்று அவளுக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது. அங்கே நின்று அழுதிருக்கலாம். அழுகை வரவில்லை. மேலாளர் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேலாளர் அழைப்பிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவள் கேட்டதற்கு முதலில் இல்லை என்றார். குழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இப்ப என்ன ஆயிடுச்சு? பொன்வரியான் போச்சு, பொன்வரியான் வந்துச்சு. மீன் மீன்தானே. ஆத்துக்கு வித்தியாசம் தெரியுமா?"

"ஆத்துக்குத் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியல."

"கத்தாத. இந்த மாசம் நிரந்தரப் பணிக்குப் பேர் அனுப்பணும். ஒரே ஒரு பேர். உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரு."

பத்தொன்பது வருடமாக அவள் வரிசையில் நின்று கேட்டது அது. மனு எழுதி எழுதி ஓய்ந்த விஷயம். அவள் உழைப்புக்காகக் கொடுக்கத் தோன்றாதவர்கள் அவள் வாயை அடைப்பதற்காக அதை எடுத்து நீட்டுகிறார்கள் என்று புரிந்தபோது, குழியைப் பார்த்து வந்த கோபம்கூட அதற்கு முன்னால் சின்னதாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்துவிட்டாள். மேலாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் கணவன் நகரத்துக்குப் போய்வரும் பேருந்தில் நடத்துனர். நிதானமான மனிதர். சாயங்காலம் வீட்டில் நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு, வேலை நிரந்தரமானால் மகள் படிப்பை யோசிக்காமல் முடிக்கலாம், செத்த மீன் திரும்பி வரப்போவதில்லை என்று மெல்ல எடுத்துச் சொன்னார். அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"செத்தது வராதுங்க. ஆனா ஆத்துல இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்கே? அதுங்களோட இதுங்க சேர்ந்து குஞ்சு போட்டா, அதுவும் போச்சு. அதைச் செஞ்சது நானாத்தான் இருக்கும். பையில அடைச்சு ஏத்துறது என் கை."

கணவன் அந்தப் பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கடுகு நாலாம் தொட்டியின் பல மூலைகளிலும் வலை போட்டு, அடியிலும் துழாவி, நாற்பது குஞ்சுகளைப் பிடித்தாள். மேடம் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கை பழகியிருந்தது. வால் துடுப்பின் ஓரத்தில் துளி நறுக்கு, குப்பி, ஸ்பிரிட், எண். குஞ்சைத் திரும்பத் தண்ணீரில் விட்டு, கத்தரியைக் கழுவி, அடுத்தது. நாற்பது குப்பிகளையும் பஞ்சு வைத்து மருந்துப் பெட்டியில் அடுக்கினாள். மறுநாள் முதல் நடையில் கணவன் அதை டிக்கெட் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போய், ஆய்வக வாசலில் மேடத்தின் கையிலேயே கொடுத்தார்.

எதைப் பார்ப்பது என்று ஆய்வகத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால் இந்தத் தடவை மாதக்கணக்கு ஆகவில்லை, வியாழக்கிழமை சாயங்காலமே போன் வந்தது. நாற்பதில் முப்பத்தேழு பண்ணைக் கூட்டம். மூன்று மட்டும் மேல் ஆற்றுக் கூட்டம்.

"மூணு இருக்கா மேடம்?"

"இருக்குக்கா. எல்லாம் சாகல. உள்ள எங்கயோ கொஞ்சம் தப்பிச்சிருக்கு. அந்தத் தொட்டியை யாரும் தொடாம பார்த்துக்கோங்க. நான் காலைல வந்துடறேன்."

துறைத் தலைமைக்கு மேடம் அன்றே கடிதம் அனுப்பினார். பெரிய அதிகாரியைப் போனில் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு லாரி பண்ணைக்குள் வந்துவிட்டது. ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகள் தயாராக இருந்தன. கடுகு நாலாம் தொட்டிக்கு முன்னால் நின்றாள். வலை அவள் தோளில் இருந்தது.

பெண் தொழிலாளிகள் நாலு பேர் வாளியோடு வந்தார்கள். கடுகு அவர்களிடம் மோட்டார், குழி, மாற்றிவிட்ட குஞ்சு, பரிசோதனை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர்களும் மூன்று வருடம் அந்தத் தாய்மீன்களுக்கும் குஞ்சுகளுக்கும் தீனி போட்டவர்கள்தான். முதலில் ஒருத்தி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு மற்ற மூவரும் வைத்தார்கள். ஒருத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள்.

மேலாளர் ஓடி வந்தார். சஸ்பெண்ட் என்றார். தற்காலிகப் பணியாளரை சஸ்பெண்ட் செய்ய விதி இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவில்லை. கடைசியில் புதுக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தானே தொட்டிக்குள் இறங்கினார். பாசி வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். குஞ்சுகள் தீனி வந்ததென்று அவரைச் சுற்றி மொய்த்தன. யாரும் சிரிக்கவில்லை. கடுகு கிட்டப் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"மூணு தடவை வந்து சொன்னேன் சார். மோட்டாருக்கு மூணு தடவை" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். பண்ணையில் இருந்தவர்களுக்கு அவள் கத்தலைவிட அதுதான் பயமாக இருந்தது.

அதிகாரியை முதலில் பிடித்தாக வேண்டும் என்று மேடம் பண்ணைக்கு வரவில்லை. நேரே ஆற்றங்கரைப் பந்தலுக்குப் போய், பெரிய அதிகாரி காரை விட்டு இறங்கும்போதே பரிசோதனை அறிக்கையை நீட்டிவிட்டார். அதிகாரி அங்கேயே நின்று இரண்டு பக்கமும் படித்தார். பிறகு ஒலிபெருக்கியில், ஆற்று நீரின் வெப்பநிலை சாதகமாக இல்லாததால் நிகழ்ச்சி தள்ளி வைக்கப்படுகிறது என்று அறிவிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூட்டம் கலைந்தது. மோட்டாரைப் பற்றியோ குழியைப் பற்றியோ ஒரு சொல் வெளியில் வரவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது கடுகு கையில் இருந்த தீனிக் குவளையை விட்டெறிந்தாள். அது போய் லாரிச் சக்கரத்தில் பட்டு நசுங்கியது.

ஆனால் கோபப்பட்டுக்கொண்டே நிற்க நேரமில்லை. பதினாலாயிரத்துக்குள் தப்பிய ஆற்றுக் குஞ்சுகளைத் தேட வேண்டும். ஒவ்வொன்றையும் பரிசோதிப்பது நடக்காத காரியம். வழியைச் சொன்னது கடுகுதான். தொட்டியின் ஒரு பக்கம் தீனி தூவி ஆள் நின்றால் பண்ணைக் குஞ்சு அங்கே ஓடும், ஆற்றுக் குஞ்சு எதிர்ப்பக்க மூலையில் அடியில் பதுங்கும், அங்கே வலையைப் போடலாம் என்றாள். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஐந்து வாரம் நாலு பெண்களும் அவளும் அதைத்தான் செய்தார்கள். பதுங்கியவற்றில் பண்ணைக் குஞ்சும் சில வந்து கலந்துகொண்டது. அதனால் வலையில் வந்ததையெல்லாம் தனித்தனியாகத் தடுத்து வைத்து, துடுப்பு நறுக்கி அனுப்பி, விடை வந்த பிறகே சேர்த்தார்கள். கடைசியில் அறுநூற்றுப் பதினெட்டு ஆற்றுக் குஞ்சுகள் தேறின. மீதிப் பண்ணைக் குஞ்சுகள் விற்பனைக் குளத்துக்குத் திரும்பின. அவற்றை வாங்கிப் போன விவசாயிகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவை நல்ல மீன்கள்தான், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்.

பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்பதுக்குத்தான் பிள்ளைகள் மிஞ்சியிருந்தன. போன மூன்றில் இரண்டுக்குத் தாயும் தகப்பனும் இன்னும் தொட்டியில் இருந்தார்கள், மறுபடி முயலலாம். மூன்றாவதன் தாய் முந்தின மழைக்காலத்திலேயே கிழடாகிச் செத்துப்போயிருந்தது. ஆற்றின் உச்சியில் ஒரு மடுவில் தனியாகக் கிடைத்த மீன் அது. அதைப் போல இன்னொன்று முப்பத்தொன்றில் கிடையாது. மேடம் இதைச் சொன்னபோது கடுகு தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

விசாரணை நடந்தது. மேலாளரை மாற்றினார்கள். மாற்றியது இதைவிடப் பெரிய பண்ணைக்கு. கடுகுக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றி அரசு மீன்களின் உடல் பகுதியை வெட்டி வெளியே அனுப்பியது ஏன் என்று விளக்கம் கேட்டு. விளக்கத்தைக் கணவனிடம் சொல்லி எழுத வைக்கலாம் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்று அவளே உட்கார்ந்து எழுதினாள். "மோட்டாரை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த தாள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்கு யாராவது விளக்கம் கொடுத்தால், இதற்கு நானும் கொடுக்கிறேன்." அதற்குப் பதில் வரவில்லை. நிரந்தரப் பணிக்கு அவள் பெயரும் போகவில்லை.

அடுத்த சினைப் பருவத்தில் புது மேலாளர் விருந்தினர் சிலரைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர்தான், வந்த முதல் வாரமே புது மோட்டார் இரண்டு வாங்கிப் போட்டவர். முட்டை எடுக்கும் அறையில் நின்று, போன வருடம் மின்தடையால் எதிர்பாராத விதமாகக் கொஞ்சம் இழப்பு ஏற்பட்டது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கடுகு கையில் ஒரு தாய்மீன் இருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கரண்டு போகல சார். மோட்டார் கெட்டுப்போயிருந்துச்சு. சொல்லியும் மாத்தல. பதிமூணாயிரத்துச் சொச்சம் செத்துச்சு. வந்தவங்ககிட்ட அதையே சொல்லுங்க."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். விருந்தினரில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எத்தனை என்றீர்கள் என்று கேட்டார். கடுகு எண்ணை மறுபடி நிறுத்திச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மீனின் வயிற்றில் கட்டை விரலை வைத்தாள். முட்டை பக்குவத்துக்கு வந்துவிட்டது, இனி காத்திருக்காது.